தேத்தண்ணீர் சரிவராவிட்டால்: கிணற்றிலிருந்து கோப்பைவரை பிழை பிடிக்கும் முறை

சந்தைப் பக்கத்துப் பலசரக்குக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்று உண்டு: "அண்ணை, போனமுறை தந்த தேயிலை சரியில்லை. சாயம் மட்டும்தான் இருக்கிறது, மணமே இல்லை." கடைக்காரர் இன்னொரு பெட்டியைத் திறந்து நிறுத்துக் கொடுப்பார். இரண்டு கிழமை போனதும் அதே ஆள் அதே முறைப்பாட்டோடு வந்து நிற்பார். தேயிலை மாறிவிட்டது, கிணறு மாறவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி அடியில் தேங்குகிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். இறங்கும் வழியிலேயே அது கல்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் தேநீர் பிழைத்தால் சந்தேகப்பட வேண்டிய வரிசையே வேறு. முதலில் தண்ணீர், அடுத்து அளவும் நேரமும், அதற்கடுத்துத் தேயிலை இருந்த இடம். இலையையும் கடைக்காரரையும் கடைசியாகப் பிடியுங்கள்.

உங்கள் குறை எதுவோ, கீழே அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். சோதனைக் கோப்பையை மட்டும் தாண்ட வேண்டாம். அது இல்லாமல் மற்றதெல்லாம் குருட்டு வைத்தியம்.

முதலில் சோதனைக் கோப்பை

சீனி, பால், இஞ்சி எதுவும் சேராத வெறுந்தேநீராக இருக்கவேண்டும். 200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை. கொப்பளித்துக் கொதிக்கும் தண்ணீரை இலையின்மேல் ஊற்றி, மூடிவைத்து, 3 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். தராசு இல்லாதவர்களுக்கு, நடுத்தர அளவு உடைந்த இலை என்றால், தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி ஏறக்குறையச் சரிவரும். 'தட்டையாக' என்பதைக் கவனியுங்கள். எங்கள் குசினிகளில் தேயிலைக் கரண்டி எப்போதும் குவிந்துதான் வருகிறது.

இதையே இரண்டு கோப்பைகளில் செய்யுங்கள். ஒன்றுக்கு உங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதற்குக் கடைப் போத்தல் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் (சவ்வு வடிகட்டியில் உப்பும் சுண்ணாம்பும் நீக்கியது). இலையும் அளவும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றே. வெள்ளைக் கோப்பைகளில் வடித்து, யன்னல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். கிணற்றுக் கோப்பை கறுத்து மங்கிக் கிடக்க, மற்றது தெளிந்த செம்பொன் நிறத்தில் இருந்தால் குற்றவாளி தண்ணீர்தான். இரண்டும் ஒரேயளவு மோசமாக இருந்தால் இலையையோ அதை வைத்திருந்த இடத்தையோ பாருங்கள். இரண்டும் நன்றாகவே இருந்தால், அன்றாடம் நீங்கள் போடும் முறையில் எங்கோ கோளாறு.

தொழில்முறைச் சுவைஞர்கள் பாவிக்கும் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரமுறை இதைவிடக் கடுமையானது: 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம். இலையின் குறைகள் எல்லாம் வெளியே வரட்டும் என்பதற்காக வைத்த கணக்கு அது. வீட்டில் அப்படிப் போட்டுக் குடித்தால் அன்றிரவு நித்திரை வராது.

மேலே படலம் மிதக்கிறது

ஊற்றிய தேநீரை இரண்டொரு நிமிடம் விட்டுவிட்டுக் கோப்பையை வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள். மேற்பரப்பில் மெல்லிய மினுக்கம் தெரியும். கரண்டி நுனியால் தொட்டால் அது தகடாக உடையும். துண்டுகள் விலகிப்போய் ஓரத்தில் மண்நிற வளையமாக ஒட்டிக்கொள்ளும். கோப்பையைச் சரியாகக் கழுவவில்லை என்று வீட்டில் யாராவது ஒருவர் ஏச்சு வாங்குவார். கழுவியவரில் பிழையில்லை.

1993இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் ஸ்பைரோவும் டியோகிராசியஸ் ஜகான்யியும் இந்தப் படலத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். தண்ணீரில் உள்ள கல்சியமும் இருகாபனேற்றும், காற்றில் உள்ள ஒட்சிசனும், தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்தால் மேற்பரப்பில் இது உண்டாகும். காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்ட தேநீரில் படலம் வராது. பால் விட்டால் கூடும். சாயம் நன்றாக ஏறிய தேநீரில் குறையும், ஏனென்றால் தேயிலையிலேயே இலேசான அமிலத்தன்மை உண்டு.

கை மருந்து எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வெறுந்தேநீரில் சில துளி தேசிக்காய்ப் புளி விட்டால் படலம் கலைந்து நிறமும் உடனே தெளியும். பால் தேநீர் குடிப்பவர்களுக்கு இது உதவாது, பால் திரைந்துவிடும். அவர்கள் தண்ணீரையே திருத்த வேண்டும்.

திருத்தும் முறை இதுதான். தண்ணீரைக் கொதி வந்ததும் இறக்காமல் ஐந்து பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். கரைந்திருந்த சுண்ணாம்பில் பெரும்பகுதி வெண்தூளாகப் பிரியும். மூடிவைத்து ஆறவிட்டால் அது அடியில் படியும். இரவில் கொதிக்கவைத்தால் காலையில் மேல்நீர் தெளிந்திருக்கும். அதை அசைக்காமல் வேறு பாத்திரத்தில் ஊற்றி, தேநீருக்காகப் புதிதாகக் கொதிக்கவையுங்கள். அடியில் நிற்கும் கடைசி இரண்டு விரற்கடைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

ஒருமுறை கொதித்த தண்ணீரைத் திரும்பக் கொதிக்கவைத்தால் தேநீர் 'செத்துப்போகும்', தண்ணீரில் ஒட்சிசன் இருக்காது என்று படித்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுழிப்பார்கள். கொதிநிலைக்கு வந்த எந்தத் தண்ணீரிலும் ஒட்சிசன் அரும்பொட்டுத்தான் மிஞ்சும், முதற்கொதியானாலும் இரண்டாம் கொதியானாலும். அந்த விதி சுண்ணாம்பு குறைந்த மென்னீர் உள்ள ஊருக்குப் பொருந்தினால் பொருந்தட்டும். கோண்டாவிலிலும் சுன்னாகத்திலும் இரண்டாம் கொதியால் வரும் நன்மைதான் பெரிது.

கேத்தலுக்குள் வெள்ளைப் பொருக்கு

இதுவும் அதே சுண்ணாம்புதான். தேநீருக்குப் பெரிய கேடில்லை, ஆனால் பொருக்குக் கழன்று கோப்பையில் விழும். மின்கேத்தல் என்றால் சூடேறவும் நேரமெடுக்கும். பிழிந்த தேசிக்காய்க் கோதுகளையோ கொஞ்சம் வினாகிரியையோ தண்ணீரோடு விட்டுக் கொதிக்கவைத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள்.

கறுப்பாக இருக்கிறது, மணம் இல்லை. பால் விட்டால் சாம்பல் நிறம்

யாழ்ப்பாணத்தின் தலையாய முறைப்பாடு இது. இலைமேல் பழி போடுவதும் இங்கேதான்.

தேநீரின் நிறம் தண்ணீரின் அமில காரத் தன்மையைப் பொறுத்து மாறும். புளி விட்டால் வெளுக்கும். காரம் சேர்த்தால் கறுக்கும். சில கடைகளில் சாயத்துக்குள் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுவதன் இரகசியமும் இதுதான்: குறைந்த இலையில் கூடிய கறுப்பு. சுண்ணக்கல் தண்ணீர் அதே வேலையை எவரும் கேட்காமலே செய்துவிடுகிறது. நிறத்தைப் பார்த்து இலை கூடிவிட்டது என்று நினைத்து அடுத்தமுறை குறைப்போம். உண்மையில் கோப்பையில் சாரம் முன்பே குறைவு. இன்னும் குறைந்ததும் மணம் முற்றாகப் போய்விடும். எங்கள் தண்ணீரில் போட்ட தேநீரை நிறத்தை வைத்து அளக்கக் கூடாது. மணிக்கூட்டையும் கரண்டியையும் நம்புங்கள்.

தண்ணீரைத் திருத்த முடியுமானால் மேலே சொன்ன முறையில் திருத்துங்கள். தெருவில் வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரில் தனியாகப் போட்டால் சில இலைகள் வெடுக்கென்று துவர்க்கும். மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீரோடு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரைக் கலந்தால் எனக்குப் பிடித்த பதம் வருகிறது. மாரியில் ஓட்டுக் கூரையில் இருந்து பிடிக்கும் மழைத்தண்ணீரும் தேநீருக்கு மிகத் திறம். முதல் மழைகள் கூரையைக் கழுவிப் போகட்டும், அதன்பிறகு பிடித்து, வடித்து, கொதிக்கவைத்துப் பாவியுங்கள். நல்ல மலைநாட்டு இலை ஒன்று கைக்கு வந்தால் அதை மார்கழி மழைத்தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நுவரெலியாவில் குடித்த தேநீர் ஏன் ஊருக்கு வந்ததும் வேறாகிவிட்டது என்பது விளங்கும். இத்தனைக்கும் கொதிநிலையில் நாங்கள்தான் அவர்களுக்கு மேலே: கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். இங்கே முழு 100 பாகை.

தண்ணீரைத் திருத்த முடியாவிட்டால், தண்ணீருக்கு ஏற்ற இலையை வாங்குங்கள். தேயிலைத் தெரிவு என்றால் உண்மையில் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கைத் தேயிலை விளைந்த உயரத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கப்படுகிறது: ஏறத்தாழ 600 மீற்றருக்குக் கீழ் தாழ்நிலம், அதற்கு மேல் 1,200 மீற்றர்வரை இடைநிலம், அதற்கும் மேலே உயர்நிலம். நுவரெலியா இலை வெளிறிய நிறம், மென்மையான மணம். எங்கள் கடுந்தண்ணீரில் முதலில் அடிபடுவது அதுதான். விலை கொடுத்து வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் போடுவது காசைக் கரைப்பதற்குச் சமம். ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புள்ள இலைக்கு இன்னும் கனம் உண்டு. தை முதல் பங்குனிவரையான வறண்ட குளிர்காலத்து இலைக்குத் தனி மதிப்பு. ஊவாவுக்கு ஆடி முதல் புரட்டாதிவரை. இங்கே சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் அதே காலத்தில், மழையை மேற்கு மலையில் கொட்டிவிட்டு வறண்டுபோன அந்தக் காற்று பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களை வாட்டி எடுக்கிறது. வாடிய அந்தக் கொழுந்தில் மெதைல் சலிசிலேற்று என்ற பொருளின் மணம் எழும். மூட்டுவலித் தைலங்களில் வரும் மணமும் அதே பொருள்தான். தேநீரில் இது இருந்தால் இலை பழுது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கண்டிப் பக்கத்து இடைநில இலையும், சப்ரகமுவ, ருகுணுப் பக்கத்துத் தாழ்நில இலையும் கறுத்து, கனத்து வரும். கிணற்றுத் தண்ணீருக்கும் பாலுக்கும் இவைதான் தாக்குப்பிடிக்கும். கண்டியில் இருந்துதான் எல்லாமே தொடங்கியது என்பதும் நினைவில் இருக்கட்டும்: 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டு கழித்துக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அது கோப்பியை அழித்த இடத்தைத் தேயிலை பிடித்தது. அந்தத் தோட்டங்களை உழைத்து எழுப்பிய மலையகத் தமிழர்களின் வீடுகளிலோ நீண்டகாலம் டஸ்ட் தூள்தான் கொதித்தது. நல்ல இலை கப்பலேறியது.

அடுத்தது, பக்கற்றில் உள்ள எழுத்துகள். ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்பவை இலையின் அளவைச் சொல்கின்றனவே தவிரத் தரத்தைச் சொல்வதில்லை. ஓ.பி. நீண்டு முறுக்கிய இலை, பி.ஓ.பி. அதன் உடைந்த வடிவம், பி.ஓ.பி.எஃப். அதிலும் சிறியது, டஸ்ட் பெயருக்கேற்ற தூள். நல்ல தோட்டத்து டஸ்ட், மட்டமான ஓ.பி.யைவிட எத்தனையோ மேல். கிணற்றுத் தண்ணீரும் பால்மாவும் என்றால் இடைநிலத்து அல்லது தாழ்நிலத்து பி.ஓ.பி.எஃப். வாங்குங்கள். வெறுந்தேநீர் என்றால் பி.ஓ.பி. போதும். பெரிய இலையை நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

கடையில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கிள்ளு இலையை உள்ளங்கையில் வைத்து, வாயால் ஒருமுறை சூடான மூச்சை ஊதி, உடனே மணந்து பாருங்கள். இலை உயிரோடு இருந்தால் அந்த ஈரச்சூட்டில் மணம் எழும். வைக்கோல் மணமோ கடதாசிப் பெட்டி மணமோ வந்தால் 'வேண்டாம்' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். இலைகள் ஒரே அளவாக இருக்கவேண்டும். வெளிறிய நாரும் காம்பும் கூடக் கிடந்தால் அது சலித்துக் கழித்த மிச்சம். இலச்சினையில் வாள் ஏந்திய சிங்கம் இருந்தால் அது இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதி. உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதியிடப்பட்டது என்று பொருள். உங்கள் கிணற்றுக்கு அது பொருந்துமா என்பதைச் சிங்கம் சொல்லாது. முதலில் 100 கிராம் மட்டும் வாங்கிச் சோதனைக் கோப்பை போடுங்கள்.

உப்புக் கரிக்கிறது

சுண்ணாம்புக்குச் சொன்ன கொதிக்கவைக்கும் மருந்து சவர்த் தண்ணீருக்கு ஆகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், உப்பு மிஞ்சும், கரிப்புக் கூடும்.

குடாநாட்டின் நல்ல தண்ணீர், அடியில் உள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது அதனால்தான். மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்தால் அடியில் இருந்து உவர் மேலேறும். கோடை முற்றிய ஆவணி, புரட்டாதியில் இன்னும் மோசம். தேநீருக்கான தண்ணீரை விடியற்காலையில், தோட்டத்துக்கு இறைக்கத் தொடங்குமுன், வாளியால் மேலே அள்ளிக்கொள்ளுங்கள். அப்படியும் கரித்தால் வெளித் தண்ணீர்தான் வழி. தீவுப்பகுதி மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேநீரோடு சேராத ஒரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உரம் போடும் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் நைத்திரேற்று இறங்கியிருக்கும். அதுவும் கொதித்தால் போகாது. உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பரிசோதிக்காத அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்காதீர்கள்.

கைக்கிறது, நாக்கு இழுக்கிறது

இரண்டும் ஒன்றல்ல. நாக்கில் நிற்பது கைப்பு. கன்னத்தின் உட்புறத்தைச் சுருக்குவது துவர்ப்பு. சீனி போட்டால் கைப்பு அடங்கும், துவர்ப்பு அவ்வளவாக அசையாது. பால் விட்டால் துவர்ப்பு அடங்கும், ஏனென்றால் பாலின் புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். மூன்று கரண்டி சீனி போட்டும் சரிவரவில்லை என்பவர்களின் சிக்கல் துவர்ப்பு.

பெரும்பாலும் காரணம் நேரம். டஸ்ட் என்றால் 2 நிமிடம், பி.ஓ.பி.எஃப். 3, பி.ஓ.பி. 3 முதல் 4, ஓ.பி. 5. தேயிலையைத் தண்ணீரோடு சேர்த்து அடுப்பில் கொதிக்கவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். இலையின்மேல் கொதிநீர் விழவேண்டும், அவ்வளவுதான். கடைசிச் சொட்டுக்காக வடிக்குள் கரண்டியைவிட்டு இலையைப் பிழிவதும் துவர்ப்பைக் கூட்டும். இலைவகை மாறியதும் கரண்டி அளவை மாற்ற மறப்பது இன்னொரு காரணம். டஸ்ட் செறிந்து படியும். ஒரு தேக்கரண்டி 3 கிராமுக்குக் கிட்ட வரும். பெரிய இலையில் அதே கரண்டி ஏறத்தாழப் பாதிதான் கொள்ளும்.

சாயம் ஏறவில்லை

தண்ணீர் சூடு போதாது. காலையில் கொதிக்கவைத்துச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றியது பத்து மணிக்குள் 85, 80 பாகைக்கு இறங்கியிருக்கும். கறுப்புத் தேயிலைக்கு அது போதாது. மூக்குப்பேணி, பித்தளைச் செம்பு, தடித்த பீங்கான் போன்ற கனத்த பாத்திரத்தில் போடுவதென்றால் முதலில் கொதிநீர் விட்டுச் சூடாக்கி ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறாவிட்டால் இலை பழசு, அல்லது பெரிய இலைக்குச் சின்ன இலையின் நேரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

போட்ட மாத்திரத்திலேயே சாயம் ஏறுகிறது

இதைச் சந்தேகியுங்கள். ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரில் ஒரு கிள்ளு தேயிலையைத் தூவுங்கள். நல்ல இலை பச்சைத் தண்ணீரில் மெல்ல மெல்லத்தான் நிறம் விடும். விழுந்த இடத்தில் இருந்தே சிவப்புக் கோடு கோடாக இறங்கினால் சாயம் பூசப்பட்டது. நனைத்த வெள்ளைக் கடதாசியில் தூவி உதறினாலும் அப்படிப்பட்ட தூள் புள்ளி புள்ளியாகக் கறை விடும். அதைக் குடிக்க வேண்டாம், பக்கற்றோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொண்டுபோங்கள்.

வேறு மணம் அடிக்கிறது

தேயிலை பக்கத்தில் இருக்கும் எதனுடைய மணத்தையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் குசினியில் பக்கத்தில் இருப்பது என்ன? வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பெருங்காயம், சில வீடுகளில் கருவாடு. ஒரே தட்டில் அடுக்கிவைத்துவிட்டு, தேயிலையில் சரக்குத்தூள் மணக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. பால்மா வந்த ரின்னைக் கழுவி அதில் தேயிலை போடுவதும் நல்லதல்ல. பழைய பால்மணம் மூடியின் விளிம்பில் தங்கிநிற்கும்.

இறுக்கமான மூடியுள்ள தகர ரின் இரண்டு வேண்டும். பெரியதில் இருப்பு, சிறியதில் ஒரு கிழமைக்கானது. பெரியதைக் கிழமைக்கு ஒருமுறைக்குமேல் திறக்காதீர்கள், மாரிகாலத்தில் இன்னும் கண்டிப்பாக. அடுப்புக்கு மேல் தட்டு ஆகாது, ஆவி அங்கேதான் போகும். குளிர்சாதனப் பெட்டியும் ஆகாது. வெளியே எடுக்கும்போது வியர்த்து உள்ளே ஈரம் இறங்கும். ஈரக் கரண்டியை ரின்னுக்குள் விடுபவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் மரியாதை கெட்டுவிடும்.

இலேசாக நமுத்த இலையை வெறுஞ்சட்டியில் மிகக் குறைந்த சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம் புரட்டி எடுத்தால் ஓரளவு தப்பும். பூஞ்சண மணம் வந்துவிட்டதென்றால் எறிந்துவிடுங்கள்.

மை நிறமாகிறது

வடியைப் பாருங்கள். கம்பி துருப்பிடித்திருக்கும். இரும்பும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்தால் நீலக்கறுப்பு வரும். புது வடி வாங்குங்கள், அவ்வளவுதான்.

பால் திரைகிறது

பச்சை இஞ்சியைத் தட்டிப் பாலுக்குள் போட்டால் திரையும். இஞ்சியில் உள்ள நொதியம் ஒன்று பாலின் புரதத்தை வெட்டிவிடுகிறது. இஞ்சியை முதலில் தண்ணீரோடு நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதியம் செயலிழந்துவிடும். அதன்பிறகு பால் சேர்க்கலாம். வேர்க்கொம்பு (சுக்கு) போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பனங்கட்டியும் பாலைத் திரைக்கக்கூடியது, பழைய கட்டியில் புளிப்பு ஏறியிருப்பதால். அடுப்பில் இருக்கும் பாலில் அதைக் கரைக்காதீர்கள். ஊரின் வழக்கமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது: பனங்கட்டி வரும் ஓலைக் குட்டானில் இருந்து ஒரு துண்டு உடைத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீரைக் குடிப்பது. இப்படிக் குடித்தால் இலையின் சுவையும் தெரியும், பனங்கட்டியின் சுவையும் தெரியும். இரண்டையும் கரைத்தால் இரண்டுமே தெரியாது.

பால்மா கட்டிபட்டால் அது திரைதல் அல்ல. கொதிக்கும் தேநீரில் தூளை நேராகக் கொட்டுவதால் வருவது. இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு கரண்டி விட்டு முதலில் களியாகக் குழைத்து, அதன்மேல் தேநீரை வடித்து ஆற்றுங்கள்.

கடைத் தேத்தண்ணீர் போல வரவில்லை

வராது. கடையில் இருப்பது டஸ்ட். துணி வடிக்குள் அது மணிக்கணக்காக ஊறிக்கொண்டிருக்கும். அதன்மேல் பால்மாவும் சீனியும் தாராளம். பிறகு உயரத்தில் இருந்து இழுத்து ஆற்றி நுரை எழுப்புவார்கள். அது வேண்டுமென்றால் வீட்டிலும் டஸ்ட் வாங்கி, அளவை இரட்டித்து, 2 நிமிடத்தில் துணியால் வடித்து, ஆற்றிப் பாருங்கள். கிட்ட வரும். ஆனால் நல்ல பி.ஓ.பி.யை வாங்கிவந்து அதைக் கடைத் தேநீராக்க முயல்வது இரண்டுக்கும் அநியாயம்.

போத்தலில் வைத்தது பழசாகிறது; ஆறியது கலங்குகிறது

செத்தவீடு, அலுவலகம், நெடும்பயணம் என்று சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் போவது வழக்கம். இலையோடு ஊற்றினால் வழி நெடுகச் சாறு இறங்கிக் கைக்கும். வடித்து ஊற்றினாலும் அந்தச் சூட்டில் மணிக்கணக்காக நின்றால் மணம் தட்டைப்படும். வடித்த சாயத்தை ஒரு போத்தலிலும் கொதிநீரை இன்னொன்றிலும் கொண்டுபோய் அங்கே கலப்பது நல்லது. பாலை எப்போதும் தனியே.

ஆறிய வெறுந்தேநீர் கலங்கலாவது பழுதென்று ஊற்றிவிடாதீர்கள். தேநீரின் கபீனும் நிறப்பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து கரைசலில் இருந்து பிரிவதால் வரும் கலங்கல் அது. சூடாக்கினால் தெளிந்துவிடும். சாரம் நிறைந்த இலையில்தான் அது கூட வரும் என்பதால் சுவைஞர்கள் அதை நல்ல குறியாகவே எடுப்பார்கள். சூடாக்கியும் தெளியாத கலங்கல் தண்ணீரில் இருந்து வந்தது. மேலே படலத்துக்குச் சொன்ன மருந்தைச் செய்யுங்கள்.

பச்சைத் தேயிலை குடிக்க முடியவில்லை

வைத்தியர் சொன்னார், வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் அனுப்பினார்கள் என்று பல வீடுகளில் ஒரு பக்கற் திறந்தபடி கிடக்கிறது. ஒருமுறை குடித்துவிட்டுக் கைக்கிறது என்று வைத்திருப்பார்கள். கறுப்புத் தேயிலைக்குப் போடுவதுபோலக் கொதிநீரை ஊற்றியதுதான் காரணம். பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 பாகை போதும். வெப்பமானி தேவையில்லை: மூன்று பங்கு கொதிநீரில், முன்பே கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு பங்கைக் கலந்தால் 82 பாகைக்கு வரும், பாத்திரம் குடிக்கும் சூட்டையும் கழித்தால் சரியாக இருக்கும். 2 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கறுப்புத் தேயிலையைவிட இது தண்ணீரின் குறையை இன்னும் வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும். அதே இலையில் இரண்டாம் முறையும் ஊற்றலாம், இந்தமுறை ஒரு நிமிடம் கூட்டி.